புதிய காரின் விலை ஷோரூம் மேசையில் முடிவாவதில்லை

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சலுகையை அறிவித்தது. அதுவரை தன் ஊழியர்களுக்கு மட்டும் கொடுத்துவந்த விலையில் இனி யார் வேண்டுமானாலும் கார் வாங்கலாம் என்றது. ஃபோர்டும் கிரைஸ்லரும் அடுத்த மாதமே அதே வழிக்கு வந்தன. ஷோரூம்களில் கூட்டம் நெரிந்தது, விற்பனை எகிறியது.

மேகன் பஸ்ஸி, டங்கன் சிமெஸ்டர், ஃபுளோரியன் செட்டல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பின்னர் உண்மையான விற்பனைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். 'ஊழியர் விலை' வருவதற்கு முந்தைய வாரங்களிலேயே பெரிய தள்ளுபடிகள் நடப்பில் இருந்திருக்கின்றன. சலுகைக் காலத்தில் வாங்கியவர்களில் பலர், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே கொடுத்திருந்தார்கள். சலுகை என்ற பெயரில் விலை ஏறியபோதுதான் மக்கள் முண்டியடித்திருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கார் விலையின் அடிமட்டம் எங்கே என்று வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதபோது கண்ணில் படும் ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். 'கம்பெனி ஆட்களுக்கே இந்த விலைதானாம்' என்பதைவிட நம்பத் தோன்றும் அடையாளம் வேறென்ன இருக்கிறது?

பேரம் பேசுவதில் கெட்டிக்காரராக இருந்தால் கார் மலிவாகக் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேரம் பேசியே நாள்தோறும் சம்பளம் வாங்குகிறவர். நாம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிறவர்கள். வாய்ப்பேச்சில் அவரை வெல்வது கஷ்டம், வெல்லத் தேவையும் இல்லை. அதே காரை விற்க இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். மொத்தக் கணக்கும் ஒரே தொகையாக நம் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். விலை இறங்குவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான். இரண்டுமே ஷோரூமுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள்.

டீலரின் கணக்கு

1958க்கு முன் அமெரிக்காவில் ஒரு புதிய காரின் பட்டியல் விலை என்னவென்று வாங்குபவர் அறிந்துகொள்ள நம்பகமான வழி கிடையாது. டீலர் மனதுக்குப் பட்டதைச் சொல்வார், அதன்மேல் கொஞ்சம் 'தள்ளுபடி'யும் தருவார். ஒக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது. தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் வசதிகளின் விலை, காரைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு எல்லாம் அச்சிட்ட தாள் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒட்டப்பட வேண்டும் என்றானது. அந்தத் தாளுக்கு இன்றும் மன்ரோனி ஸ்டிக்கர் என்றுதான் பெயர்.

அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மேல்மட்டத்தை மட்டுமே அது காட்டியது. டீலருக்கு அந்தக் கார் என்ன விலைக்கு வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லாது. சொன்னாலும் முழு உண்மையாக இருக்காது. டீலருக்குத் தயாரிப்பாளர் போடும் இன்வாய்ஸ் ஒன்று இருக்கும். அதற்குப் பிறகு திரும்பி வரும் பணம் தனி. விற்றபின் ஒரு சிறு சதவீதத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு சில நிறுவனங்களில் உண்டு. தேங்கி நிற்கும் மாடலைத் தள்ளிவிட டீலருக்கு மட்டும் ரகசியமாக வரும் ஊக்கத்தொகை உண்டு. ஒரு மாதத்தில் அல்லது காலாண்டில் இத்தனை கார் விற்றால் விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் போனஸும் உண்டு. 'இன்வாய்ஸ் விலைக்கே தருகிறேன், எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை' என்று டீலர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். அவர் சொல்வது கணக்கின் முதல் பக்கம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் துல்லியமாகத் தெரிந்துகொள்ள நம்மால் முடியாது. தெரியாமல் இருப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் ஓர் ஆய்வு அழகாக அளந்து காட்டியது. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வைச் செய்தவர்கள் பஸ்ஸியும் செட்டல்மேயரும் ஜார்ஜ் சில்வா-ரிஸ்ஸோவும். தயாரிப்பாளர் ஒரு சலுகையை வாடிக்கையாளருக்கு என்று வெளிப்படையாக அறிவித்தால், அதில் 70 முதல் 90 சதவீதம் வரை வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. அதே மாதிரி ஒரு தொகையை டீலருக்கு என்று கொடுத்தால், வாங்குபவருக்குக் கிடைப்பது 30 முதல் 40 சதவீதம்தான். பணம் அதே பணம், கார் அதே கார். ஒன்று நமக்குத் தெரிந்திருந்தது, மற்றொன்று தெரியவில்லை.

டீலருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஷோரூமிலும் யார்டிலும் நிற்கும் கார்கள் பெரும்பாலும் கடன் வாங்கி எடுத்தவை. இது நேற்று வந்த வழக்கம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1919இலேயே தனக்கென்று ஒரு நிதி நிறுவனம் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், டீலர்கள் கார்களை வாங்கி நிறுத்திவைக்கப் பணம் தேவைப்பட்டதுதான். நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் காருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நேற்று வந்து இறங்கிய காரும் நான்கு மாதமாக வெயிலில் காயும் காரும் டீலர் கண்ணுக்கு ஒன்றல்ல, பட்டியலில் ஒரே விலை போட்டிருந்தாலும். "இந்த வேரியன்ட்டில் உங்களிடம் ஸ்டாக்கில் என்னென்ன நிறம் இருக்கிறது, எப்போது வந்தது?" என்று கேட்பது விலையைப் பற்றிய கேள்வி போலவே தோன்றாது. ஆனால் மிகவும் பயனுள்ள கேள்வி அது.

இன்னொரு கடை இருக்கிறது என்பதுதான் ஆயுதம்

ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் என்ற பொருளாதார அறிஞர்கள் 1996இல் ஒரு கணக்கை நிறுவிக் காட்டினார்கள். ஒரு பொருளை விற்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேரம் பேசினாலும், கூடுதலாக ஒரே ஒரு உண்மையான வாங்குபவர் வந்து ஏலத்தில் நிற்பதால் கிடைக்கும் லாபத்தை அது தராது என்பது அதன் சாரம். நிபந்தனைகள் சில உண்டு. ஆனாலும் கார் வாங்குகிறவர் அதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஒரே டீலரிடம் மூன்று மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட மூன்று டீலர்களிடம் பத்துப் பத்து நிமிடம் விசாரிப்பது மேல்.

அரசியல் அறிஞரும், எதிராளி என்ன செய்வார் என்று கணித்து முடிவெடுக்கும் 'கேம் தியரி'யில் நிபுணருமான புரூஸ் புவெனோ டி மெஸ்கீட்டா இதை ஒரு முறையாகவே வகுத்துச் சொல்லியிருக்கிறார். கார், வேரியன்ட், நிறம் எல்லாவற்றையும் முதலில் முடிவுசெய்துவிடுவது. போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் டீலர்கள் எல்லாருக்கும் போன் போடுவது. 'இந்தக் காரை இன்று மாலைக்குள் வாங்கப் போகிறேன். எல்லா டீலர்களிடமும் இதையே கேட்கிறேன். உங்கள் விலையை அடுத்துக் கேட்கப்போகும் டீலரிடமும் சொல்வேன். எல்லாம் சேர்த்து உங்கள் கடைசி விலை என்ன?' என்று கேட்பது. குறைவாகச் சொன்னவரிடம் காசோலையோடு போய் நிற்பது. கூடுதலாக ஒரு ரூபாய் கேட்டாலும் அடுத்தவரிடம் போய்விடுவது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. கண்ணாமூச்சி எதுவும் இல்லை. மனத்தில் இருப்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறோம். டீலருக்கும் ஒன்று விளங்குகிறது: இந்த ஆள் சும்மா விசாரிக்க வந்தவர் இல்லை, இன்றைக்கே யாரோ ஒருவருக்கு இந்த விற்பனை போகப்போகிறது. விலையைப் போனில் சொல்ல மாட்டோம், நேரில் வாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சொன்ன விலையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கடையில் காட்டுவோம் என்று அவர்களுக்குத் தெரியும், அதைத்தான் நாமும் செய்யப்போகிறோம். அப்படிச் சொல்பவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மேலே போகலாம். விலை சொல்கிறவர் ஒருவராவது இருப்பார்.

இதில் மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, எல்லாரிடமும் ஒரே பொருளைத்தான் கேட்கிறோமா என்பது. ஒருவர் காரின் விலையை மட்டும் சொல்வார். இன்னொருவர் வரி, பதிவு, காப்பீடு, கையாளும் கட்டணம் என்று எல்லாம் சேர்த்துச் சொல்வார். முதலாமவர் மலிவு போலத் தோன்றும். காரை ஓட்டிக்கொண்டு வெளியே வர மொத்தம் எவ்வளவு தர வேண்டும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அதன் பிரிவுகளை வரி வரியாக எழுதி வாங்க வேண்டும். வரியும் பதிவும் அரசுக்குப் போவது, எல்லாரிடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் அங்கே ஏதோ நுழைந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, ஒரே முதலாளிக்கு நான்கு ஷோரூம் இருக்கக்கூடும். பெயர்ப் பலகை வேறு, கணக்குப் புத்தகம் ஒன்று. நான்கிலும் விசாரித்துவிட்டு எல்லாரும் ஒரே விலை சொல்கிறார்களே என்று முடிவுக்கு வந்தால், நாம் விசாரித்தது ஒருவரிடம்தான். கொட்டேஷனில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரையும் வரிப் பதிவு எண்ணையும் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். மூன்றாவது, வாய்வார்த்தை. மெசேஜாகவோ மின்னஞ்சலாகவோ வராத விலையை விலையாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது.

போட்டி ஒரே மாடலுக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு நிறுவனங்களின் இரண்டு கார்களில் எது கிடைத்தாலும் சரி என்று உண்மையாகவே இருக்க முடிகிறவருக்கு, ஒன்றின்மீதே கண் வைத்திருப்பவரைவிட நல்ல விலை அமையும். நடிப்பாக இருந்தால் டெஸ்ட் டிரைவ் முடிந்து இறங்கும்போது முகத்திலேயே தெரிந்துவிடும்.

நேரில் போகாமலிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. சிகாகோவில் இயான் ஏயர்ஸ், பீட்டர் சீகெல்மன் இருவரும் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஆட்களைக் கார் டீலர்களிடம் அனுப்பினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி உடை, ஒரே வசனம், ஒரே பேர உத்தி. வெள்ளை ஆண்களுக்குச் சொன்னதைவிடக் கறுப்பின ஆண்களுக்கும் பெண்களுக்கும், வெள்ளைப் பெண்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. அதிகமாகச் சொல்லப்பட்டது கறுப்பின ஆண்களுக்கு. சில ஆண்டுகள் கழித்து செட்டல்மேயர், சில்வா-ரிஸ்ஸோ, ஃபியோனா ஸ்காட் மார்ட்டன் மூவரும் இணையம் வழியாக விலை கேட்டு வாங்கியவர்களை ஆராய்ந்தார்கள். நேரில் வாங்கும்போது கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள். இணைய வழியில் வாங்கியபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. ஆளைப் பார்த்து எடைபோடுவதும், 'இவர் இன்றே எடுத்துவிடுவார்', 'இவருக்கு விவரம் தெரியாது' என்று கணிப்பதும் விற்பனையில் எங்கும் நடப்பது. எழுத்தில் வந்த கேள்விக்கு முகம் இல்லை.

நான்கு கட்டங்கள்

அமெரிக்க டீலர்களிடம் பழைய உத்தி ஒன்று உண்டு. ஒரு தாளை நான்கு கட்டமாகப் பிரிப்பார்கள். ஒன்றில் காரின் விலை, ஒன்றில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் பழைய காரின் மதிப்பு, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. வாடிக்கையாளர் எந்தக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறாரோ அந்தக் கட்டத்தை அவருக்குச் சாதகமாகத் திருத்துவார்கள். அதே பேனா பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு எண்ணைத் திருத்திவிடும். தாள் இன்று கணினித் திரையாகியிருக்கலாம். கணக்கு மாறவில்லை. ஒரு தலையணையின் ஒரு மூலையை அமுக்கினால் காற்று இன்னொரு மூலைக்குப் போகிற மாதிரி.

இதற்கு மாற்று, நான்கையும் பிரித்துவிடுவது. காரின் விலை எழுத்தில் முடிவாகும்வரை பழைய கார் இருப்பதையே பேச்சில் எடுக்க வேண்டாம். "எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா?" என்று கேட்டால், "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பது பொய்யும் ஆகாது. பழைய காருக்கு வெளியே இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு வைத்திருக்க வேண்டும். டீலர் அதைவிட அதிகம் கொடுத்தால் அவரிடமே கொடுக்கலாம். ஒரு விதிவிலக்கு: பழைய காரின் மதிப்பைக் கழித்து, மீதித் தொகைக்கு மட்டும் விற்பனை வரி போடும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படித்தான். அங்கே டீலர் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் எக்ஸ்சேஞ்சே லாபமாக முடியலாம். இருக்கும் ஊரின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

நான்கு கட்டங்களில் ஆபத்தானது மாதத் தவணைதான். "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்ற கேள்வி அக்கறையோடு கேட்பதுபோல் இருக்கும். அதற்கு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்த எண்ணுக்குள் எந்த விலையையும் அடக்கிவிடலாம், மாதங்களை நீட்டினால் போதும். கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் சரி. ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 2.08, வட்டியாக மட்டும் கட்டுவது மொத்தம் 24.5. அதையே 7 ஆண்டாக நீட்டினால் தவணை 1.61 ஆகக் குறையும், வட்டி 35 ஆக ஏறும். பேரம் பேசி விலையில் 5 சதவீதம் குறைத்திருந்தால், அதைப் போல இரண்டு மடங்கு இந்த ஒரு மாற்றத்திலேயே கரைந்துவிடுகிறது, அதுவும் 'தவணை குறைந்தது' என்ற மகிழ்ச்சியோடு.

பல நாடுகளில் கார் கடனுக்கு ஃபிளாட் வட்டி சொல்கிற வழக்கமும் உண்டு. '5 சதவீதம்தான்' என்பார்கள். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு அசலுக்கும் கடைசிவரை போடப்படும். 100 ரூபாய்க் கடனுக்கு 5 ஆண்டில் 25 ரூபாய் வட்டி. மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டால், வங்கியில் குறையும் அசலுக்குப் போடும் 9 சதவீதத்தைவிட இது கொஞ்சம் கூடுதல்! வட்டி விகிதத்தைக் கேட்பதைவிட, கடைசித் தவணை கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன் என்று கேட்பது பாதுகாப்பான கேள்வி.

அடுத்தது வட்டியில்லாக் கடன். 'ரொக்கத் தள்ளுபடி வேண்டுமா, 0 சதவீத வட்டி வேண்டுமா?' என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே பணத்தின் இரண்டு வேஷங்கள். வட்டியில்லை என்றால் அந்த வட்டியை யாரோ தள்ளுபடித் தொகையிலிருந்து கட்டுகிறார்கள். 100 மதிப்புள்ள காருக்கு 10 தள்ளுபடி, அல்லது 3 ஆண்டுக்கு வட்டியில்லாத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வெளியே 9 சதவீதத்தில் கடன் வாங்க வேண்டியவர் தள்ளுபடியை எடுத்தால், 90க்குக் கடன் வாங்கி மாதம் 2.86 கட்டுவார். வட்டியில்லாத் திட்டத்தில் தவணை 2.78. ஆகவே வட்டியில்லாததே லாபம். வெளியே 6 சதவீதத்தில் கடன் கிடைக்கிறவருக்கு 90க்கான தவணை 2.74. அவர் தள்ளுபடியை எடுக்க வேண்டும். கடனே தேவைப்படாதவர் வட்டியில்லாத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கையில் இருக்கும் பணத்தை வைப்பில் போட்டு லாபம் பார்க்க நினைத்தால், அந்த வைப்புக்கு என்ன வட்டி கிடைக்கும் என்று இதே கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் தள்ளுபடிதான் ஜெயிக்கும்.

டீலரிடம் கடன் எடுக்கும்போது வட்டி விகிதத்தையும் பேரம் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. வங்கி டீலருக்கு ஒரு விகிதம் சொல்லும், டீலர் அதன்மேல் கொஞ்சம் ஏற்றி நமக்குச் சொல்லலாம், ஏற்றியதில் அவருக்குப் பங்கு கிடைக்கும். பிரிட்டனில் இப்படி வட்டியை ஏற்றினால் கமிஷன் ஏறும் ஏற்பாட்டையே நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஜனவரியில் தடை செய்தது. தடை இல்லாத இடங்களில் நம் கையில் இருக்கும் காப்பு ஒன்றுதான்: ஷோரூமுக்குப் போகும்முன் ஒரு வங்கியிலாவது கடனுக்கு ஒப்புதல் வாங்கி வைத்திருப்பது. டீலர் அதைவிடக் குறைத்தால் அவரிடம் எடுக்கலாம்.

கையில் ரொக்கம் இருப்பவர்கள் அதை முதலிலேயே பெருமையாகச் சொல்லிவிடுகிறார்கள். முன்பெல்லாம் ரொக்கத்துக்கு மதிப்பு இருந்திருக்கலாம். இப்போது கடன் வழியாக டீலருக்கு வருமானம் இருக்கிறது. ரொக்க வாடிக்கையாளர் என்றதும் அந்த வருமானம் இல்லை என்று தெரிந்து காரின் விலையில் கை இறுகலாம். கேட்டால், "கடன் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், முதலில் விலையைச் சொல்லுங்கள்" என்றால் போதும்.

கடைசி அறை

விலை முடிந்துவிட்டது, கைகுலுக்கியாகிவிட்டது, காகிதங்களில் கையெழுத்துப் போட ஓர் அறைக்கு அழைத்துப் போகிறார்கள். களைப்பும் மகிழ்ச்சியும் கலந்த அந்த நிலையில்தான் பெயின்ட் கோட்டிங், அடிப்பாகப் பூச்சு, சீட் கவர், நீட்டித்த வாரன்ட்டி, சிறப்புக் காப்பீடு என்று பட்டியல் நீளும். காரின் விலையோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றும் சில்லறையாகத் தெரியும். டீலருக்கோ, காரில் கிடைக்கும் சதவீத லாபத்தைவிட இவற்றில் கிடைப்பது பல மடங்கு. அமெரிக்காவில் வாடிக்கையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமல் இப்படிக் கூடுதல்களைச் சேர்ப்பதைத் தடுக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியையே கொண்டுவந்தது. டீலர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி அதை ரத்து செய்துவிட்டது. சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் அர்த்தம் இல்லை.

எல்லாமே வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. காப்பீடு கட்டாயம் தேவை. ஆனால் டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதே பாதுகாப்புக்கு வெளியே என்ன பிரீமியம் என்று பார்க்கலாம். நீட்டித்த வாரன்ட்டி சிலருக்குப் பயன்படும். அதை அன்றைக்கே எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் கிடையாது, வாரன்ட்டி முடிவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். 'ஒரு ஆக்சஸரீஸ் பேக் இலவசம்' என்ற பேச்சையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். டீலர் சொல்லும் விலைக்கு அந்தப் பொருள்களை வெளியே யாரும் வாங்கமாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பணமாகக் குறையுங்கள் என்று கேட்டுப் பார்த்தால், அவற்றின் உண்மையான மதிப்பு எவ்வளவு என்று டீலர் வாயாலேயே வந்துவிடும்.

எப்போது வாங்குவது

மாதக் கடைசியில் போனால் மலிவு என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. இலக்கை எட்ட இரண்டு கார் குறையும் டீலர் நஷ்டத்துக்குக்கூட விற்பார், ஏனென்றால் எட்டினால் கிடைக்கும் போனஸ் அந்த நஷ்டத்தை விழுங்கிவிடும். இலக்கை இருபதாம் தேதியே தாண்டிவிட்டவருக்கோ, எட்டவே முடியாது என்று கைவிட்டவருக்கோ முப்பதாம் தேதியில் விசேஷம் ஒன்றும் இல்லை. யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று வெளியிலிருந்து தெரியாது. பல டீலர்களிடம் கேட்பதால்தான் அது தெரியவரும்.

மாடல் மாறும் நேரமும் ஆண்டு மாறும் நேரமும் இன்னும் நம்பகமானவை. புதிய வடிவம் வரப்போகிறது என்றால் பழையதை யாரும் வைத்திருக்க விரும்ப மாட்டார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சென்ற ஆண்டு தயாரித்த கார், மறுவிற்பனையில் ஓர் ஆண்டு பழையதாகவே எடைபோடப்படும். மூன்று ஆண்டில் மாற்றிவிடுகிறவருக்குக் கிடைத்த தள்ளுபடியில் பெரும்பகுதி அங்கே போய்விடும். பத்து ஆண்டு ஓட்டுகிறவருக்குப் பதினோராம் ஆண்டு என்றாலும் பத்தாம் ஆண்டு என்றாலும் பெரிய பேதமில்லை, அவருக்கு அது நிஜமான சேமிப்பு.

காலத்தைவிடப் பெரியது தட்டுப்பாடு. 2021இல் சிப் பற்றாக்குறையால் தொழிற்சாலைகள் நின்றபோது, அமெரிக்க டீலர்கள் பலர் ஸ்டிக்கர் விலைக்கு மேலேயே கேட்டார்கள், கொடுக்கவும் ஆள் இருந்தது. காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள காருக்குப் பேரம் பேசப் போவது நேர விரயம். அப்படிப்பட்ட காரை விரும்புகிறவர் காத்திருக்கலாம், அல்லது முழு விலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டிலும் தவறில்லை.

பேரமே இல்லாத விற்பனையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் சாட்டர்ன் 1990இல் அந்தக் கொள்கையோடு சந்தைக்கு வந்தது, 2010இல் மூடப்பட்டது. டெஸ்லா இணையத்தில் ஒரே விலை சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் ஹோண்டா 2021இலும் மெர்சிடிஸ்-பென்ஸ் 2022இலும் டீலர்களை முகவர்களாக்கி விலையைத் தாங்களே நிர்ணயிக்கத் தொடங்கின. ஒரே விலை என்றால் நிலையான விலை என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜனவரியில் டெஸ்லா அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில மாடல்களின் விலையை 20 சதவீதம் வரை ஒரே அடியாகக் குறைத்தது. முந்தைய வாரம் வாங்கியவர் எவ்வளவு சமர்த்தராக இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இப்படிப்பட்ட விற்பனையில் நம் கைக்குள் இருப்பவை மூன்றே: பழைய காரை எங்கே விற்பது, கடனை எங்கே எடுப்பது, ஏற்கெனவே தயாராகி நிற்கும் காருக்கோ டெமோ காருக்கோ குறைத்துத் தருகிறார்களா என்று பார்ப்பது.

புக்கிங் முதல் டெலிவரி வரை

முன்பணம் கட்டும்போது வாங்கும் ரசீதில் காரின் வேரியன்ட், நிறம், மொத்த விலை, டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். புக்கிங்குக்கும் டெலிவரிக்கும் இடையில் தயாரிப்பாளர் விலையை ஏற்றினால் யார் ஏற்பது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பல ஒப்பந்தங்களில் டெலிவரி நாளின் விலையே செல்லும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அப்படியானால் டெலிவரிக்குள் விலையோ சலுகையோ நமக்குச் சாதகமாக மாறினாலும் அதே விதி பொருந்துமா என்று கேட்கலாம். கேட்டுப் பெற்றவர்கள் உண்டு.

முன்பணத்தை முடிந்தவரை சிறிதாக வைப்பது நல்லது. பெரிய தொகையைக் கட்டிவிட்டால் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது என்று டீலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு முளைக்கும் புதிய கட்டணங்களை மறுக்கும் தெம்பு நமக்குக் குறைந்துவிடும்.

மீதிப் பணத்தைக் கட்டும்முன் காரைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இன்வாய்ஸில் உள்ள சேஸிஸ் நம்பரும் காரில் பொறித்த 17 எழுத்து எண்ணும் ஒன்றா, ஓடோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது, டயர்களில் அச்சிட்ட நான்கு இலக்கம் என்ன என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அந்த நான்கில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. டயர் தேதி காரின் வயதை அப்படியே சொல்லிவிடாது, ஆனால் புத்தம்புதியது என்று சொன்ன காரில் டயர் ஒன்றரை வருடம் பழையதாக இருந்தால் தயாரிப்பு மாதத்தை ஆவணத்தில் காட்டச் சொல்ல வேண்டும். பழைய ஸ்டாக் என்று தெரியவந்தால் இரண்டு வழி உண்டு: அதற்கான தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே திருத்தி வாங்குவது, அல்லது வேறு கார் கேட்பது. இரண்டையுமே மீதிப் பணம் இன்னும் நம் கையில் இருக்கும்போதுதான் செய்ய முடியும்.